கணிதத்துக்கு ஒரு பொதுக் களஞ்சியம்

1906-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினம். குத்தி என்ற ஊரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி அய்யர், கணிதத்தில் ஈடுபாடு கொண்ட நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டுக் கணிதப் பத்திரிகைகளும் புத்தகங்களும் கிடைக்காமல் ஒவ்வொருவரும் தனித்தனியே திண்டாடுவானேன்? எல்லோரும் சேர்ந்து சந்தா போட்டு அவற்றை வரவழைத்துப் பகிர்ந்து படித்தால் என்ன? இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

மறு வருஷமே சுமார் இருபது அங்கத்தினர்களுடன் ஒரு சங்கம் பிறந்தது. இந்திய கணித சங்கம் என்ற பெயரில் அது இன்றும் நடந்து வருகிறது. அதன் புத்தகசாலை பூனாவில் பெர்குஸன் கல்லூரியில் இருந்தது. அங்கிருந்து பத்திரிகைகள் தபால் மூலம் அங்கத்தினர்களைத் தேடிச் சென்றன. 1911-ல் அந்தச் சங்கத்தின் பத்திரிகையில்தான், பட்டம் எதுவும் பெறாத ஒரு கும்பகோணம் வாலிபரின் முதல் கட்டுரை வெளிவந்தது. அந்த வாலிபர் ராமானுஜன்.

அன்று தபால்காரர் செய்த வேலையை இன்று இன்டர்நெட் கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். ஆயினும், உலகத்துக் கணிதம் முழுவதையும் யார் கேட்டாலும், எங்கிருந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் ஒரு பொதுக் களஞ்சியம் இன்னும் அமையவில்லை. துண்டு துண்டாகப் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் களஞ்சியம் கணித உலகத்தின் சொந்தச் சொத்தாக இருக்க வேண்டும்.

பழசானாலும் கெடாத சரக்கு

மற்றத் துறைகளைவிடக் கணிதத்துக்கு இது ஏன் அதிக அவசியம் என்று கேட்கலாம். ஐம்பது வருஷத்துக்கு முந்திய வைத்தியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்று எந்த டாக்டரும் மருந்து கொடுப்பதில்லை. ஆனால், பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் காட்டிய நிரூபணம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் செல்லுபடியாகிறது. நூறு வருஷம் முன்பு அச்சான ஒரு கட்டுரை, நாளை ஆராய்ச்சி செய்பவருக்கு இன்றியமையாததாக இருக்கலாம். ஆகவே கணிதக்காரருக்குப் பழைய ஏடும் வேண்டும், புதிய ஏடும் வேண்டும்.

அது கிடைக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ராமானுஜனே சாட்சி. பள்ளிப் பிராயத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய துணை, கார் என்ற ஆங்கிலேயர் பரீட்சை மாணவர்களுக்காகத் தொகுத்த ஒரு சூத்திரத் திரட்டு. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் அதில் உண்டு. பெரும்பாலும் விளக்கம் கிடையாது. ஐரோப்பாவில் முன்பே கண்டறிந்த பல விஷயங்களை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், ராமானுஜன் தாமாகவே மறுபடியும் கண்டுபிடித்தார். அது அவருடைய மேதைக்குப் பெருமை. ஆனால், முப்பத்திரண்டு வயதில் மறைந்துவிட்ட ஒருவரின் வாழ்நாளில் அது எவ்வளவு பெரிய நஷ்டம்!

நடந்துள்ள முயற்சிகள்

அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் மாணவராக இருந்த நீல் ஸ்லோன், 1964-ல் தமது ஆராய்ச்சியின் நடுவே 1, 8, 78, 944 என்று போகும் ஒரு எண் வரிசையைச் சந்தித்தார். இது முன்பே யாருக்காவது தெரியுமா என்று பார்க்க ஒரு வழியும் இல்லை. எனவே, கண்ணில் பட்ட எண் வரிசைகளையெல்லாம் அட்டைகளில் எழுதிச் சேர்க்க ஆரம்பித்தார். அட்டைக் கட்டு 1973-ல் புத்தகமாயிற்று. 1996-ல் இன்டர்நெட்டில் ஏறியது. இன்று மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வரிசைகள் அதில் உள்ளன. நாலைந்து எண்களைக் கொடுத்தால் போதும். இன்ன வரிசை, இன்ன இடத்தில் வருகிறது, இன்னார் எழுதியிருக்கிறார் என்று காசு வாங்காமல் சொல்லிவிடும்.

1991-ல் பௌதிக விஞ்ஞானி பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ இன்னொரு முயற்சி. கட்டுரை எழுதி முடித்தவுடன் அதை உலகத்தார் எல்லோரும் படிக்கும்படி வைத்துவிடும் இடம் அது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் அங்கே சேர்ந்துள்ளன. போன்காரே என்ற பிரெஞ்சு மேதை விட்டுச் சென்ற நூறாண்டுப் புதிரை விடுவித்த ரஷ்யர் பெரல்மான், 2002-லும் 2003-லும் தமது கட்டுரைகளை அங்கேதான் வைத்தார். வேறு எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை.

இப்படி நல்ல கிணறுகள் பல இருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வாய்க்கால்தான் இல்லை. 2006-ல் ஸ்பெயின் தேசத்தில் கூடிய சர்வதேச கணித யூனியனின் பொதுச் சபை, உலகக் கணிதம் முழுவதையும் இன்டர்நெட் நூலகமாக்கும் லட்சியத்தை ஆமோதித்தது. லட்சியம் காகிதத்தில் இருக்கிறது. காரியம் பாதி வழியில் நிற்கிறது.

சாவி யார் கையில்?

களஞ்சியம் இருந்தால் மட்டும் போதாது. சாவி யார் கையில் என்பது பெரிய கேள்வி. 1931-ல் ஜெர்மனியில், உலகில் வெளிவரும் கணிதக் கட்டுரைகளைச் சுருக்கித் தரும் ஒரு சஞ்சிகை தோன்றியது. ஆட்டோ நாய்கெபவர் அதன் ஆசிரியர். நாஜி ஆட்சியில், 1938-ல், லெவி-சிவிதா என்ற இத்தாலிய மேதையின் பெயர், அவர் யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஆசிரியர் குழுவிலிருந்து நீக்கப்பட்டது. நாய்கெபவர் ராஜிநாமா செய்தார். பிறகு அமெரிக்கா போய், 1940-ல் அதே மாதிரி மற்றொரு சஞ்சிகையைத் தொடங்கினார். ஒரு தேசத்தின் சர்க்காரோ ஒரு கம்பெனியோ மட்டும் சாவியை வைத்திருந்தால் எப்போது எது நேரும் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் அந்தச் சஞ்சிகை 2021 முதல் பொதுப் பணத்தின் உதவியால் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது.

கம்பெனி விஷயத்தைப் பார்ப்போர் இன்னும் ஆச்சரியப்படுவர். கட்டுரை எழுதும் பேராசிரியருக்குப் பத்திரிகை சன்மானம் தருவதில்லை. அதைச் சரிபார்க்கும் பேராசிரியருக்கும் பெரும்பாலும் தருவதில்லை. இருவருக்கும் சம்பளம் பெரும்பாலும் ஜனங்களின் வரிப் பணத்திலிருந்து போகிறது. ஆனால், அச்சான பத்திரிகையை அதே கல்லூரி பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது! தன் வயல் நெல்லைத் தானே கடையில் வாங்கித் தின்னும் குடியானவன் கதைதான் இது. 2012-ல் கேம்பிரிட்ஜ் கணித நிபுணர் திமதி கவர்ஸ் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினார். ஆயிரக்கணக்கான அறிஞர்கள் ஒரு பெரிய பிரசுர ஸ்தாபனத்துடன் ஒத்துழைக்க மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள்.

இந்திய சர்க்கார் 2024 நவம்பரில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பிரசுர ஸ்தாபனங்களின் சுமார் 13,000 பத்திரிகைகளைச் சர்க்கார் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் படிக்கலாம். சிறு ஊர்க் கல்லூரிக்கு இது பெரிய உபகாரம், சந்தேகமில்லை. ஆனால் இது வாடகை வீடு. வாடகை நின்றால் கதவு சாத்தப்படும். சர்க்கார் கல்லூரியில் இடமில்லாதவருக்கு அந்த வாசற்படியே கிடையாது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் இன்று இருந்தால், அவர் பெயரும் அந்தப் பட்டியலில் வராது!

குப்பை சேராதா?

எல்லோருக்கும் திறந்துவிட்டால் குப்பை சேராதா என்பது நியாயமான பயம். ஸ்லோனின் எண் களஞ்சியத்தில் யார் எது கொடுத்தாலும், அதைச் சோதித்த பிறகே சேர்த்துக்கொள்ளத் தொண்டர்கள் இருக்கிறார்கள். நிரூபணத்தையே கம்ப்யூட்டர் வரி வரியாகச் சோதிக்கும் முறையும் வந்துவிட்டது. ஜெர்மன் மேதை பீட்டர் ஷோல்ட்ஸ, தமது கடினமான ஒரு நிரூபணத்தை அப்படிச் சோதிக்க முடியுமா என்று 2020 டிசம்பரில் கேட்டார். பல தேசத்தவர் சேர்ந்து 2022 ஜூலையில் அதை முடித்துக் காட்டினார்கள். கதவைத் திறந்து வைப்பதால் காவல் போய்விடாது.

தேடுவதில்தான் உண்மையான சிரமம். ஐரோப்பாவில் பாஸ்கல் முக்கோணம் என்பதை இந்நாட்டுப் பழைய நூல்கள் மேரு பிரஸ்தாரம் என்றன. சீனர்கள் யாங் ஹூய் பெயரால் அழைக்கிறார்கள். ஒரு பெயரைக் கொண்டு தேடுபவர் மற்ற இரண்டையும் தவறவிடுவார். கட்டுரைத் தலைப்பை மட்டும் அல்ல, உள்ளேயிருக்கும் ஒவ்வொரு தேற்றத்தையும் அட்டவணை போட வேண்டும். இது இயந்திரம் மட்டும் செய்யும் வேலையல்ல. விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்ய வேண்டியது.

செய்ய வேண்டியது

பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி எதுவும் பொதுக் களஞ்சியத்தில் சேர வேண்டும் என்று சட்டம் செய்யலாம். சர்வகலாசாலை அலமாரிகளில் தூங்கும் பழைய சஞ்சிகைகளையும் ஆராய்ச்சி ஏடுகளையும் படம் பிடித்து ஏற்றலாம். களஞ்சியத்தின் பிரதிகளைப் பல தேசங்களில் பத்திரப்படுத்தலாம். அட்டவணை போடும் ஆசிரியரின் உழைப்பை, கட்டுரை எழுதியவரின் உழைப்புக்குச் சமமாக மதித்து உத்தியோக உயர்வு தரலாம். அந்த 6,000 கோடியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே சொந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிட முடியும்.

1907-ல் சுமார் இருபது பேர், கைப்பணம் போட்டு, தபால் வண்டியை நம்பித் தொடங்கினார்கள். இன்று பணமும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. சேர்ந்து செய்வோம் என்ற அந்தப் பழைய எண்ணம் மட்டும் மறுபடி வந்துவிட்டால், எங்கோ ஒரு காரியாலயத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் அடுத்த ராமானுஜன், முன்பே தெரிந்ததைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தன் இளமையைச் செலவிட வேண்டியிராது.