கூரைக்கு எத்தனை நட்சத்திரம்?

குளிர்சாதனப் பெட்டிக்கு நட்சத்திரம் உண்டென அறிவோம். வீட்டுக்கும் உண்டு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் அதைத் தொடங்கியது. சதுர மீட்டருக்கு ஆண்டில் எத்தனை யூனிட் என்று கணக்கிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுகிறார்கள்.

2018இல் வந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதிகளோ, கல்கத்தா, சென்னை போன்ற வெம்மையும் ஈரமும் மிக்க ஊர்களில் கட்டப்படும் புது வீடுகளுக்கு, வெளிப்புறம் திறக்கும் சன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் வேண்டும் என்றன.

அந்த அளவுகோலை எடுத்து, கிடர்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி அறையை அளந்தேன். பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை! மேலே தகிக்கும் கூரை. இரவெல்லாம் சுழலும் விசிறி. மின்கட்டணம் அப்பாவுடையது, கூரையோ வீட்டுக்காரருடையது. அதற்கு வெள்ளையடிக்க அவருக்கென்ன அவசரம்?

2022இல் திருத்திய சட்டமும் 100 கிலோவாட் இணைப்பும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களையே குறிவைத்தது. எங்கள் இணைப்போ இரண்டு கிலோவாட்! மதிப்பிடும் முறை வளர்வது நன்றே. ஆனால் மாளிகையோடு நின்றால் போதுமா? வாடகை வீட்டையும் மதிப்பிட்டு, ஒப்பந்தத்தாளில் அந்த எண்ணை எழுத வேண்டும். குடிவருபவன் அறிந்து குடிவரட்டும்.

வெப்பவியல் பயின்ற நாம் ஏட்டோடு நிற்கலாமா? அளவுநாடா எடுப்போம், முதலில் நம் அறையை அளப்போம்.