திருச்சிக்கு எவ்வளவு தூரம்?

வரக்காப்பொலவைச் சூழ்ந்துள்ள இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நம்மவர் பலருக்குத் திருச்சிராப்பள்ளிச் சீமையில் உற்றார் உண்டு. “அங்கே சென்றடைய எவ்வளவு நேரமாகும்?” என்று பிள்ளைகள் வினவினால், “விமானத்தில் ஒரு மணி நேரம்” என்பர் பெரியோர். இவ்விடை மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 417 கிலோமீற்றர், அதாவது 260 மைல் தூரம் உண்டு. பூமியின் வளைந்த பரப்பின்மீது இரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழியின் அளவு இது. மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கவல்ல விமானம் அரைமணியளவில் அங்கே சேர வேண்டுமன்றோ? கால அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி என்பது ஏன்?

விமானம் தரிப்பிடத்தை விட்டு அசையும் கணம் முதல், மறுநிலையத் தரிப்பிடத்தில் நிற்கும் கணம் வரை உள்ள நேரத்தையே அட்டவணை காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலெழுதல், தாழ்தல், இறங்கும் முறை வரும்வரை காத்திருத்தல் யாவும் அதனுள் அடங்கும். குறுகிய பயணத்தில் முழு வேகத்திற் பறக்கும் நேரம் சிறிதே.

மாணவர்கள் மற்றொன்றும் அறிதல் வேண்டும். பயணச் சீட்டிற் காணும் நேரம் அவ்வவ்வூர்க் கடிகார நேரமாகும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இன்று நேரம் ஒன்றே. துபாயின் கடிகாரமோ நம்முடையதற்கு ஒன்றரை மணி பிந்தியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டுப் பிற்பகல் 1 மணிக்கு அங்கே இறங்கினால், பயணம் மூன்று மணியன்று; நாலரை மணி.

நம் முன்னோர் இக்கடலைக் கடந்த விதம் வேறு. மண்டபம் முகாமிற் தங்கி, தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் இரயிலேறி வந்தனர். 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோதும், தோட்டத் தொழிலாளிக்கு அது எட்டாக் கனியே. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தமையன் அங்கும் தம்பி இங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அவர்களிடையே நின்ற தூரத்தைக் குடியுரிமையும் கடவுச்சீட்டுமே அளந்தன, மைற்கற்கள் அல்ல.

இன்று அவ்வழி ஒரு மணியாகக் குறுகிவிட்டது. ஆனால் பாட்டனாரின் உடன்பிறந்தார் குடியேறிய ஊர் எதுவெனப் பேரப்பிள்ளை அறியானாயின், விமானம் விரைந்தும் பயன் யாது? ஆதலால், மாணவர்களே, இன்று மாலையே வீட்டு முதியோர் அருகில் அமருங்கள். உற்றார் பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம் ஆகியவற்றைக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சீட்டை நாளையும் வாங்கலாம். சொல்லுவோர் என்றும் இருப்பதில்லை.