48 டொலர் 10 ஆனது, ஓவர்டிராஃப்ட் அப்படியேதான்

மாதம் முதலாம் திகதி. வாடகைக் காசோலை வங்கிக்குப் போகிறது. சம்பளம் விழ இன்னும் ஒரு நாள் இருக்கிறது. கணக்கில் 40 டொலர் குறைவு. காசோலை திரும்புகிறது. அதற்குத் தண்டமாக வங்கி 45, 48 டொலர் எடுக்கிறது. காசு இல்லை என்பதற்காகவே காசு! கனடாவில் எங்கட சனம் கனகாலம் வாய்திறக்காமல் கட்டிய கட்டணம் இது.

2026 மார்ச் 12 முதல் நிலைமை வேறு. மத்திய அரசின் புதிய விதிப்படி, தனிநபர் கணக்கில் பணம் போதாமல் ஒரு கொடுப்பனவு திரும்பினால் வங்கி 10 டொலருக்கு மேல் அறவிட முடியாது. இரண்டு வேலை நாட்களுக்குள் இரண்டாவது தடவை போடவும் முடியாது. குறைகிற தொகை 10 டொலருக்குக் கீழ் என்றால் கட்டணமே இல்லை. முந்தி 30 டொலர் தொலைபேசிப் பில் திரும்பினால் 48. கொம்பனி இன்னொருக்கா முயன்றால் இன்னொரு 48. முப்பது டொலருக்கு 96 டொலர் தண்டம். இதைச் 'சேவைக் கட்டணம்' என்று சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.

கடையில டெபிட் அட்டையைப் போட்டால், காசு இல்லாட்டி பெரும்பாலும் அட்டை எடுபடாது. வெட்கம்தான், செலவில்லை. அதனால 'காசில்லாட்டி எடுக்க மாட்டாங்கள்தானே' என்று பலர் நம்பியிருக்கினம். அடி விழுவது காசோலையிலும், கார்க் காப்புறுதி போல மாதாமாதம் தானாகக் கழிபடும் பணத்திலும்தான்.

இப்போது கவனிக்க வேண்டியது மேலதிகப் பற்று, அதாவது ஓவர்டிராஃப்ட். காசோலையைத் திருப்பாமல், குறைகிற காசை வங்கியே போட்டுக் கட்டிவிடும். புதிய 10 டொலர் வரம்பு இதற்குப் பொருந்தாது. பல வங்கிகளில் மாதம் சுமார் 5 டொலர், அல்லது பாவிக்கிற தடவைக்கு 5 டொலர். அதோட ஆண்டுக்கு 21 வீதமளவில் வட்டி. 200 டொலரைப் பத்து நாள் பாவித்தால் வட்டி 1 டொலர் 15 சதம் மட்டுமே. கட்டணம்தான் பெரிசு. ஒரு தடவைக்கு என்று பார்த்தால் இது காசோலை திரும்புவதைவிட மலிவு, மறுக்கவில்லை. ஆனால் மாதத் திட்டத்தில் இருப்பவர் ஒருநாளும் பாவிக்காவிட்டாலும் வருடம் 60 டொலர் போகும். பாவிக்கத் தொடங்கினவருக்கோ, சம்பளம் வந்தவுடன் முதலில் அந்தப் பள்ளம் நிரம்பும். மிச்சத்தில் மாதம் ஓடாது, திரும்பவும் பள்ளம். கணக்குத் திறந்தபோது 'பாதுகாப்பு' என்று சொல்லிச் சேர்த்துவிட்டதை எத்தனை பேர் மறந்திருப்பினம்?

வரம்பு வங்கிக்கு மட்டும்தான். ஒன்ராறியோவில் காசோலை திரும்பினால், வங்கிச் செலவோட நிர்வாகக் கட்டணமாக 20 டொலர் வரை வீட்டுக்காரர் கேட்கலாம். மாகாணச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் சங்கங்களையும் வியாபாரக் கணக்குகளையும் இந்த விதி தொடவில்லை. சின்னக் கடை வைத்திருப்பவருக்கு ஒன்றும் மாறவில்லை. சீட்டுக்குக் குடுத்த காசோலை திரும்பினால் வாற மானக்கேட்டுக்கோ எந்தச் சட்டத்திலும் வரம்பில்லை.

இருப்பு 100 டொலருக்குக் கீழே போனால் வங்கி மின்னியல் வழியாக எச்சரிக்க வேண்டும் என்பது 2022 முதலே விதி. எங்கட பல வீடுகளில் அந்த எச்சரிக்கை போவது, பிள்ளை பள்ளிக்கூடக் காலத்தில் அப்பாவுக்குத் திறந்து குடுத்த, இப்ப ஒருத்தரும் பார்க்காத மின்னஞ்சலுக்கு.