ஆனந்தரங்கப் பிள்ளைக்கு ஜிப் வைத்தது யார்?

போன மாதம் பேரனுடைய பள்ளியில் ஆண்டு விழா. நம்ம ஊர் வரலாறு என்று ஒரு நாடகம் போட்டார்கள். எத்தனை பள்ளிக்கூடத்தில் இதைச் செய்கிறார்கள் என்று சந்தோஷமாகத்தான் போனேன். முன்வரிசையில் இடமும் கொடுத்தார்கள்.

திரை விலகியது. கவர்னர் துய்ப்ளெக்ஸ் வந்தார். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் போடுவார்களே, சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், அதுதான் அவருக்கு. தலையில் பஞ்சு ஒட்டிய தொப்பி. அவர் மனைவி ழான் அம்மையார் சிண்ட்ரெல்லா கவுனில் வந்தார். பின்னால் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, அதாவது எங்கள் பேரன். மயில்நீலச் சாட்டினில் பளபளவென்று ஷெர்வானி, பிளாஸ்டிக் முத்துமாலை, கல்யாண மாப்பிள்ளைக்கு வாடகைக்கு விடும் ரெடிமேட் தலைப்பாகை, அதில் ஒரு இறகு. அவன் திரும்பி கவர்னருக்கு வணக்கம் சொன்னபோது முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஜிப். பாதியில் சிக்கிக்கொண்டு, மேலே ஊக்கு குத்தியிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பையன் கேட்டான்: "தாத்தா, பிள்ளை எந்த நாட்டுக்கு ராஜா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. ராஜா உடுப்பைப் போட்டுவிட்டால் ராஜா என்றுதானே நினைப்பான்? பிள்ளையவர்கள் ராஜா இல்லை. வியாபாரி, கவர்னரின் தலைமைத் துபாஷி. 1736 முதல் 1761 வரை இந்த ஊரில் தினமும் நடந்ததைத் தமிழில் எழுதி வைத்தவர். கப்பல் வந்தது, விலை ஏறியது, யார் யாரிடம் என்ன பேசினார்கள், எல்லாவற்றையும் எழுதினார். அவர் எழுதாமல் போயிருந்தால் அந்தக் காலத்துப் புதுச்சேரியை நாம் வெள்ளைக்காரன் எழுதிய கடிதத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருப்போம். அந்த மனிதரை 800 ரூபாய் வாடகை உடுப்பில் கேலிச்சித்திரம் ஆக்கிவிட்டோம். ஜிப்புக்குக் காப்புரிமை வாங்கியது 1893-ல். பிள்ளை இறந்தது 1761-ல்.

இதைச் சொன்னால் என்ன பதில் வருகிறது தெரியுமா? "விடுங்க சார், மேடையில யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கு இந்த வாக்கியத்தின் மேல்தான் கோபம். வசனத்தில் ஒரு வருஷம் தப்பாக வந்தால் தமிழாசிரியர் திருத்துகிறார். பிள்ளைங்கள் வந்தே மாதரத்தைத் தப்பாகப் பாடினால் ஊரே பேசும். 2014-ல் மேரிக் கட்டிடம் இடிந்து விழுந்தபோது, பழைய தோற்றம் மாறாமல் கட்டவேண்டும் என்று நாம்தானே கேட்டோம்? சுவருக்கு உள்ள மரியாதை சட்டைக்கு இல்லையா? இத்தனைக்கும் நம்மூர் போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புக் கேப்பியைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கட்டும், முதலில் சண்டைக்கு வருவது நாமாகத்தான் இருப்போம்.

வாடகைக் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் ராஜா, ராணி, பாரதியார், நேரு, தேவதை என்று ஐந்தாறு மூட்டை இருக்கிறது. கேட்பதைக் கொடுக்கிறார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆசிரியைக்கும் நேரமில்லை. என் கேள்வி என் வயதுக்காரர்களிடம். பென்ஷன் வருகிறது. காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தால் பகல் முழுவதும் சும்மாதான் இருக்கிறோம். ஊசி பிடிக்க நமக்கு என்ன கேடு?

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். என் அப்பா தையற்காரர். சொல்தா வீடுகளுக்கெல்லாம் அவர்தான் கோட்டு தைப்பார். திண்ணையில் கால்மிதி மெஷின், பக்கத்தில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. நான் மெஷின் பக்கம் வந்தாலே "நீ பேனா பிடி" என்று விரட்டுவார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு படிவத்தில் தகப்பனார் தொழில் என்ன என்று கேட்டிருந்தது. நான் பிரெஞ்சில் 'வியாபாரி' என்று எழுதினேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா பிரெஞ்சு படிக்கத் தெரியாமல் அதில் கையெழுத்துப் போட்டார்.

1973-ல் எழுத்தராகச் சேர்ந்தேன். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம். பழைய பத்திரம் ஏதாவது வந்தால் மட்டும் "பிரெஞ்சுக்காரரைக் கூப்பிடு" என்பார்கள். படித்துச் சொல்லிவிட்டு மறுபடி என் நாற்காலிக்கு வந்துவிடுவேன். அப்பா அவ்வளவு செலவு செய்து படிக்கவைத்த மொழி இதற்குத்தானா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆண்டு விழா முடிந்த வாரம், பிரான்சு தேசிய நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் தேடிக்கொண்டிருந்தேன். கார்சோ என்பவர் 1769-ல் வெளியிட்ட 'தையற்காரர் கலை' கிடைத்தது. துய்ப்ளெக்ஸ் காலத்துக் கோட்டை எப்படி அளப்பது, எப்படி வெட்டுவது என்று படத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கால அச்சில் எஸ் எழுத்து எஃப் மாதிரி இருக்கும். முதல் இரண்டு நாள் திணறிப்போனேன். பிறகு பழகிவிட்டது. எண் போட்ட டேப் அந்தத் தையற்காரரிடம் கிடையாது. ஒரு நீளக் காகிதப் பட்டையை உடம்பில் வைத்து, தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று கத்தரியால் விளிம்பில் வெட்டுக்குறி போட்டுக்கொள்வார். ஆளுக்கு ஒரு பட்டை. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கலாம். அவர் போய் முப்பது வருஷம் ஆகிறது.

சட்டை அந்தப் புத்தகத்தில் இல்லை. சட்டை தைப்பது தையற்காரர் வேலையே அல்ல, வெள்ளைத்துணி தைக்கும் பெண்களின் வேலை. அதற்குக் கார்சோ 1771-ல் தனிப் புத்தகம் போட்டிருக்கிறார். ஆகவே நானும் அந்தப் பெண்களிடமிருந்து தொடங்கினேன். அந்தக் காலத்துச் சட்டையில் வளைவான வெட்டே இல்லை என்று சொல்லலாம். எல்லாம் நீள்சதுரம், சதுரம். உடம்புக்கு ஒரே நீளத்துண்டு, அதை மடித்து நடுவில் கழுத்துக்குக் கீறல். கைக்கு இரண்டு துண்டு. கை தூக்கினால் கிழியாமலிருக்க அக்குளில் ஒரு சிறு சதுரத்துண்டு. நம் தாத்தாக்கள் போட்ட பழைய ஜிப்பாவிலும் இதே அக்குள் சதுரம் உண்டு, வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். துணி விலை அதிகம், கூலி குறைவு என்றிருந்த காலம் என்பதால் ஒரு விரற்கடைத் துணியும் வீணாகாது. இன்றைக்கு அப்படியே தலைகீழ்.

பேரன் அளவுக்கு ஒரு சட்டை. கையாலேயே தைத்தேன், ஐந்து வாரம் ஆனது. முதல் வாரத்தில் விரல் முழுக்க குத்து. காஜா எடுப்பதுதான் கஷ்டம். தையற்கடையில் புதிதாகச் சேரும் பையனுக்குத்தான் காஜா வேலை கொடுப்பார்கள், காஜா பையன் என்றே பெயர். 73 வயதில் நான் காஜா பையன். வீட்டுக்காரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். என் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பதும் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும் அவள்தான்.

அடுத்தது பிள்ளையவர்களின் ஜாமா. அது மொகலாயர் தர்பாரிலிருந்து வந்த உடுப்பு. மெல்லிய வெள்ளை மல் துணி. மார்பில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக மடிந்து வரும், இடுப்புக்குக் கீழே சுருக்கு வைத்துப் பாவாடை போல் விரியும். பட்டன் கிடையாது, நாடா முடிச்சுதான். அந்த முடிச்சில் ஒரு விஷயம் இருக்கிறது. இந்துக்கள் இடது அக்குளில் முடிவார்கள், முஸ்லிம்கள் வலது அக்குளில். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு முடிச்சு எந்தப் பக்கம் என்று பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நான் படத்தைப் பார்த்து அப்படியே இடது பக்கம் நாடா வைத்துத் தைத்தேன். பேரனுக்குப் போட்டால் வலது பக்கம் வந்து நிற்கிறது! படத்தில் எனக்கு இடது, போட்டவனுக்கு வலது. ஒரே முடிச்சில் பிள்ளையவர்களை நவாப் வீட்டில் சேர்த்துவிட்டேன். பிரித்து மறுபடி தைக்க நான்கு நாள். ஜிப்பு வைத்த உடுப்பில் இந்தத் தப்புக்கூட நடக்காது. தப்பு நடக்க அதில் எதுவுமே இல்லையே.

கையால் ஒன்றைத் தைத்துப் பார்த்தவன் அந்தக் காலத்தைப் பற்றி மேடைப்பேச்சு பேசமாட்டான். அவ்வளவு அகலப் பாவாடைக்குக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டவர் யார், எத்தனை பேர், யார் நெய்த துணி என்ற கேள்வி தானாக வரும். ராஜா உடுப்பு போட்ட பையனுக்கு ராஜா மட்டும்தான் தெரிகிறார்.

ஒரு நண்பர், இங்கேயே படிக்கிறவர், கேட்டார்: "உனக்கு இன்னும் வெள்ளைக்கார மோகம் போகலையா? துய்ப்ளெக்ஸ் சட்டையை எதுக்குத் தைக்கிறே?" நியாயமான கேள்விதான். என் பதில் இது. 1686-ல் பிரான்சு ராஜா ஓர் ஆணை போட்டார். இந்தியாவிலிருந்து வரும் பூ எழுதிய பருத்தித் துணியை இறக்கக்கூடாது, அங்கே அச்சடிக்கவும் கூடாது என்று. அவர்களுடைய பட்டு, கம்பளி நெசவாளிகள் நம் துணியிடம் தோற்றுப்போனார்கள், அதுதான் காரணம். அந்தத் தடை 1759 வரைக்கும் இருந்தது, 73 வருஷம். ஏறக்குறைய என் ஆயுள். அப்படியும் அங்கே பெண்கள் ஒளித்து வாங்கி உடுத்தினார்கள். இங்கே அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி கப்பலேறி செனகல் வரைக்கும் போனது. அங்கே பிசின் வாங்க அதையே காசு மாதிரி கொடுத்தார்கள். அவன் உடுப்பைத் தைக்க உட்கார்ந்தபோதுதான் அவன் இங்கே எதற்கு வந்தான் என்பது எனக்குச் சரியாக உறைத்தது. அவன் வந்தது நம் துணிக்கு. ரோடியர் மில் இருந்த ஊரில், நெசவாளிகள் ஊரில், அந்தத் துணியின் கதையைப் பாலியெஸ்டர் சாட்டினில் நடித்துக் காட்டுகிறோமே, மோகம் என்றால் அதுதான் மோகம்.

செலவு அதிகம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஜாமாவுக்கு மல் துணி நாலரை மீட்டர், சட்டைக்கு இரண்டு மீட்டர், நூல், நாடா எல்லாம் சேர்த்து எனக்கு 1,200 ரூபாய்க்குள் முடிந்தது. பள்ளி அலமாரியில் வைத்தால் பத்து வருஷம் வரும். நீளத் தையலை மெஷினில் ஓட்டிவிட்டு, வெளியே தெரியும் விளிம்பையும் காஜாவையும் மட்டும் கையால் செய்தாலும் போதும். இந்த விஷயத்தில் நான் ஒன்றும் ஆசாரக்காரன் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோட்டில் கை வைக்காதீர்கள், அழுதுவிடுவீர்கள். ழான் அம்மையாரின் பையிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்களின் கவுனில் பாக்கெட் தைத்திருக்காது. பேரிக்காய் வடிவில் இரண்டு துணிப்பை, நடுவில் ஒரு கீறல், மேலே நாடா. இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே பாவாடையை உடுத்துவார்கள். பாவாடையின் பக்கப் பிளவு வழியாகக் கையை விட்டு எடுக்கவேண்டும். என் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அதிலிருந்துதான் எனக்குக் கமர்கட்டுக்குக் காசு வரும். ழான் அம்மையார் பிறந்ததும் இதே ஊரில்தான், தமிழ் பேசத் தெரிந்தவர். அவருடைய பையில் வெற்றிலை இருந்ததா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையைத் தைத்துக் கட்டிக்கொண்ட பெண் குழந்தை மேடையில் நடக்கும் நடையே வேறாக இருக்கும். கை தானாக இடுப்புக்குப் போகும்.

பள்ளியில் கேட்டேன். அடுத்த வருஷ நாடகத்துக்கு மூன்று உடுப்பு நாங்கள் தருகிறோம் என்றேன். "பார்க்கலாம் சார், ஆனா கொஞ்சம் கலரா இருந்தா போட்டோவுல நல்லா வரும்" என்றார்கள். வெள்ளை மல் ஜாமாவை எடுத்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார்கள், இரண்டாம் முறையும் தொட்டுப் பார்த்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று பேர் உட்காருகிறோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், எதிர்வீட்டு அக்கா, நான். அப்பாவின் கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் சொந்தமாக ஊசி கொண்டு வாருங்கள், என்னுடையதைக் கொடுக்கமாட்டேன். இந்த வாரம் துய்ப்ளெக்ஸின் வெயிஸ்ட்கோட்டு, முன்பக்கம் பன்னிரண்டு காஜா. போன வாரம் எடுத்த இரண்டையும் அக்கா பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பிரித்துப் போட்டுவிட்டார்.