78 லட்சம் எதுக்கு? ஹாக்கி டிஃபெண்டர்களை நாம் தப்பாக ஒப்பிடுகிறோம்!

ஏலம் முடிந்த பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த கார்டு வந்துவிடும். இடது பக்கம் புதிதாக எடுக்கப்பட்ட வீரர், வலது பக்கம் பழைய ஸ்டார். நடுவில் வயது, விலை, கோல். கீழே ஒரே கேள்வி: யார் பெஸ்ட்?

ஃபார்வர்டு வீரர் என்றால் இந்த கார்டு ஓரளவுக்கு உண்மை சொல்லும். டிஃபெண்டர் என்றால் சொல்லாது. காரணம் சிம்பிள்: ஹாக்கியில் டிஃபெண்டர்களை ஒப்பிடும்போது பெரும்பாலும் நாம் டிஃபென்ஸை ஒப்பிடுவதே இல்லை. கோலைத்தான் ஒப்பிடுகிறோம்.

காசு எதற்குப் போகிறது?

ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஹாக்கி இந்தியா லீக் திரும்பி வந்தபோது, 2024 அக்டோபரில் டெல்லியில் ஏலம் நடந்தது. அதிக விலைக்குப் போனவர் ஒரு டிஃபெண்டர். இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம் ரூபாய், சூர்மா கிளப். ஜெர்மனியின் கோன்சாலோ பெய்லட் 68 லட்சத்துக்கு ஹைதராபாத் டூஃபான்ஸ் அணிக்குப் போனார். நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கு எடுத்தது.

மூவருமே டிஃபெண்டர்கள்தான். ஆனால் மூவருக்கும் பொதுவான இன்னொரு விஷயம் இருக்கிறது: டிராக் ஃப்ளிக். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்து, சுழற்றி, கோலுக்குள் வீசும் வித்தை. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த 15 கோல்களில் 10 ஹர்மன்பிரீத்துடையது. 78 லட்சத்தில் பெரும்பங்கு அந்தக் கைக்குத்தான்.

இது புதுக்கதை இல்லை. முதல் சீசனுக்காக 2012 டிசம்பரில் நடந்த ஏலத்தில் டிஃபெண்டர் ரகுநாத்தை உ.பி. விஸார்ட்ஸ் 76,000 டாலருக்கு வாங்கியது. அவரும் டிராக் ஃப்ளிக்கர்.

விலையை அப்படியே ஒப்பிடலாமா?

கூடாது. அன்று ஏலம் டாலரில் நடந்தது. அப்போதைய மதிப்பில் 76,000 டாலர் என்பது சுமார் 41 லட்சம் ரூபாய். இதே ஹர்மன்பிரீத் 2015 ஏலத்தில் மும்பை அணிக்குப் போனது 51,000 டாலருக்கு, அதாவது சுமார் 34 லட்சம். அப்போது அவருக்கு வயது 19.

விதியும் மாறியிருக்கிறது. 2016, 2017 சீசன்களில் ஃபீல்டு கோலுக்கு இரண்டு கோல் கணக்கு. பெனால்டி கார்னர் கோலுக்கு ஒன்றுதான். இப்போது இரண்டும் சமம். அந்த சீசனில் அடித்த கார்னர் கோலையும் இன்றைய கார்னர் கோலையும் ஒரே தராசில் வைத்தால் கணக்கு உதைக்கும்.

கார்டில் வராத வேலை

இனி எதிர்ப் பக்கத்துக்கு வருவோம். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்ட நொடியில் ஒருவர் நேராக ஃப்ளிக்கரை நோக்கி ஓடுவார். முகத்தில் மாஸ்க், முட்டியில் பேடு. நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும் பந்துக்கு எதிரே ஓடி, அது போகும் கோணத்தை அடைப்பதுதான் இவர் வேலை. இவருக்குப் பெயர் ஃபர்ஸ்ட் ரஷர்.

இந்தியாவுக்குப் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தவர் ஒடிசாவின் அமித் ரோஹிதாஸ். அவரும் ஃப்ளிக் அடிப்பார். ஆனால் அவரைத் தனித்துக் காட்டுவது இந்த ஓட்டம்தான். 2024 ஏலத்தில் அவரை எடுத்ததும் நம்ம டிராகன்ஸ்தான், 48 லட்சத்துக்கு. அதே 48 லட்சத்துக்கு பெங்கால் டைகர்ஸ் எடுத்த ஜுக்ராஜ் சிங், 2025 இறுதிப்போட்டியில் ஹாட்ரிக் அடித்துக் கோப்பையையே வாங்கிக் கொடுத்தார். ஜுக்ராஜின் கார்டில் போட ஹாட்ரிக் இருக்கிறது. ரோஹிதாஸின் கார்டில் எதைப் போடுவது? விழாத கோலுக்கு ஏது கட்டம்?

பாரிஸ் சொன்ன பாடம்

2024 ஆகஸ்ட் 4, ஒலிம்பிக் காலிறுதி. பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. நாற்பது நிமிடத்துக்கும் மேலாகப் பத்து பேரோடு தாக்குப்பிடித்த இந்தியா, ஷூட் அவுட்டில் 4-2 என ஜெயித்தது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் ரோஹிதாஸுக்குத் தடை.

அந்த அரையிறுதியில் ஜெர்மனி 3-2 என ஜெயித்தது. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது. அடித்தவர் பெய்லட். ரோஹிதாஸ் இருந்திருந்தால் அது விழுந்திருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஏலத்தில் அடித்தவருக்கு 68 லட்சம், அடைப்பவருக்கு 48 லட்சம்.

அணிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கோல்தான் மேட்ச்சை ஜெயிக்க வைக்கும். நல்ல ஃப்ளிக்கர் கிடைப்பதும் அரிது. அரிதான பொருளுக்கு விலை ஏறத்தான் செய்யும். என் வாதம் ரசிகர்களான நம்மைப் பற்றியது. விலையைத் திறமையின் மார்க் ஷீட்டாக நாம் வாசிக்கிறோம்.

சிமுலேஷன் பழக்கம்

இதில் மொபைல் கேமுக்கும் பங்கு உண்டு. சிமுலேஷன் லீக்குகளில் ஒவ்வொரு டிஃபெண்டருக்கும் டேக்கிளிங், பொசிஷனிங், பாஸிங் என எல்லாமே நம்பராக இருக்கும். புதிதாக டிராஃப்ட் ஆனவரைப் பழையவரோடு ஒப்பிட ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். நிஜ மைதானத்தில் பாதி திறமைக்கு நம்பரே கிடையாது. ஃபார்வர்டை ஓரத்துக்கு ஒதுக்கி, அவர் பாஸே கொடுக்க முடியாமல் செய்த டிஃபெண்டர் ஸ்கோர் ஷீட்டில் எங்கேயும் வர மாட்டார்.

அப்போ எப்படித்தான் ஒப்பிடுவது?

நான்கு கேள்விகள் கேட்டாலே போதும்.

1. இவரை எதற்காக எடுத்தார்கள்? ஃப்ளிக்கரை ஃப்ளிக்கரோடும், ரஷரை ரஷரோடும் ஒப்பிடுங்கள்.

2. அதே வயதில் பழையவர் எப்படி இருந்தார்? 19 வயசுப் பையனை இன்றைய ஹர்மன்பிரீத்தோடு ஒப்பிடுவது அநியாயம். 2015-ன் ஹர்மன்பிரீத்தோடு ஒப்பிடுங்கள்.

3. எந்த வழியில் வந்தார்? 2024 ஏலத்தில் ஒரு அணியின் பட்ஜெட் 4 கோடி. 24 பேரில் நான்கு பேர் ஜூனியராக இருந்தே ஆக வேண்டும். அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம். குறைந்த விலைக்குப் போன ஜூனியர் மட்டமான வீரர் என்று அர்த்தமில்லை. பட்ஜெட்டின் கடைசியில் அவர் பெயர் வந்திருக்கலாம்.

4. இவர் ஆடும்போது எதிரணிக்கு எத்தனை பெனால்டி கார்னர் கிடைக்கிறது? அதில் எத்தனை கோலாகிறது? கொஞ்சம் பொறுமையாக மேட்ச் பார்த்தால் இதை நாமே எண்ணலாம்.

இதனால் நமக்கென்ன?

தமிழ்நாட்டிலிருந்து 2022-ல் இந்திய அணிக்குள் நுழைந்த மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் டிஃபெண்டர்கள் அல்ல. அவர்களால் நமக்குப் பெருமைதான். ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் மட்டை பிடிக்கும் ஒரு பிள்ளையும் இதே கார்டுகளைத்தான் போனில் பார்க்கிறது. கோல் அடித்தால்தான் பெயர் வரும் என்று அது முடிவு செய்தால், மாஸ்க் மாட்டிக்கொண்டு பந்துக்கு எதிரே ஓட யார் வருவார்கள்?

அடுத்த ஏலத்திலும் கார்டு வரும். ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன்னால், அந்த டிஃபெண்டர் ஒரு பெனால்டி கார்னரைத் தடுக்கும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். பத்து செகண்டுதான் ஆகும்.