கொடியில துணி காயப்போட என்னங்க வெட்கம்?

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில, வீட்டுப் பின்பக்கம் கயிறு கட்டித் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். பக்கத்துத் தெரு நண்பர் குடும்பத்தோட வந்தார். கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சார், டிரையர் ரிப்பேரா?"

"இல்லைங்க, நல்லாத்தான் ஓடுது. வெயில் சும்மா கிடக்குதேன்னு..."

சிரிச்சுட்டு விட்டுட்டார். அவங்க கிளம்பினதும் தங்கமணி சொன்னாங்க: "உங்களுக்கு வேலை போயிடுச்சான்னு அவங்க வீட்டம்மா மெதுவா விசாரிச்சாங்க." :-)

இத்தனைக்கும் நாங்க இருக்கிறது புளோரிடாவில் தாம்பா. வெயிலுக்குப் பேர் போன ஊர். இங்க வெளியில வெயில் கொளுத்துது, உள்ள ஏசி ஓடுது, அந்த ஏசிக்கு நடுவுல டிரையர் துணியைச் சூடு பண்ணுது. அதோட விடுதா? ஏசி குளிர வெச்ச வீட்டுக் காற்றையே உள்ள இழுத்து, சூடாக்கி, குழாய் வழியா வெளியில தள்ளுது. ஒரே காற்றுக்கு ரெண்டு தடவை காசு!

கணக்கு போடுவோம். மின்சார டிரையர் ஒரு தடவை ஓட சுமார் 3 யூனிட். யூனிட் 15 சென்ட்னு வெச்சா 45 சென்ட். வாரம் 5 தடவைன்னா வருஷத்துக்கு 117 டாலர். ஏசி கணக்கு தனி. டிரையர் வடிகட்டியில பஞ்சு பஞ்சா வருதே, அது வேற எதுவும் இல்லை, உங்க சட்டைதான் கொஞ்சம் கொஞ்சமா உதிருது. அந்தக் கணக்கும் தனி.

"117 டாலர் ஒரு பெரிய காசா?"ன்னு கேப்பீங்க. கேக்கறது யாரு தெரியுமா? காலனுக்கு 10 சென்ட் மலிவுன்னு 12 மைல் தள்ளிப்போய் பெட்ரோல் போடற அதே நம்மாளுங்கதான். 15 காலன் போட்டா மிச்சம் ஒண்ணரை டாலர். போய்வர 24 மைலுக்கு எரிஞ்ச பெட்ரோல் 3 டாலர். ஆனா அதுக்குப் பேரு சாமர்த்தியம். கொடி கட்டினா மட்டும் பஞ்சப்பாட்டு!

என் கட்சி இதுதான் மக்களே. நம்ம சிக்கனம் காசு மிச்சமாகுதான்னு பார்க்கிறதில்லை, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்கன்னுதான் பார்க்குது. கூப்பன் வெட்டினா படிச்சவன் செய்யற வேலை. துணி காயப்போட்டா அது "யாரோ" செய்ய வேண்டிய வேலை. அந்த "யாரோ" யாருன்னு நமக்கெல்லாம் நல்லாத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை.

எனக்கு இது உறைச்சது போர்ட் கொச்சியில. போன வருஷம் ஊருக்குப் போனப்போ மட்டாஞ்சேரி அரண்மனை, சீன வலை எல்லாம் பார்த்துட்டு, வெளிங்கற இடத்துல இருக்கிற தோபிகானாவுக்குப் போனோம். உள்ள நுழைஞ்சா தமிழ்! டச்சுக்காரங்க காலத்துல படைவீரர்களோட துணி துவைக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்துலேர்ந்து கூட்டிட்டு வரப்பட்ட வண்ணார் குடும்பங்களோட வழி வந்தவங்க. டச்சுக்காரங்க கொச்சியைப் பிடிச்சது 1663-ல, விட்டது 1795-ல. அவங்க போயாச்சு, அப்புறம் வந்த வெள்ளைக்காரனும் போயாச்சு, இவங்களும் இவங்க தமிழும் அங்கேயே இருக்கு. முன்னே சுத்துவட்டாரக் குளங்கள்ல துவைச்சவங்களுக்கு 1976-ல வளர்ச்சிக் குழுமம் இந்த இடத்தைக் கட்டிக் கொடுத்துச்சு. வரிசையா சிமென்ட் தடுப்பு, தொட்டி, துவைக்கிற கல். வெளியில மைதானம் பூரா கொடி.

அந்தக் கொடியில ஒரு கிளிப் கூட இல்லைங்க! ரெண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருக்காங்க. முறுக்கை லேசா விரிச்சுத் துணியோட முனையைச் செருகினா கப்புன்னு பிடிச்சுக்குது. கடற்காற்று அடிக்குது, ஒரு வேட்டி பறக்கலை. கிளிப் வாங்கற செலவு இல்லை, துரு பிடிச்ச கறை இல்லை. மொடமொடப்புக்கு அரிசிக் கஞ்சி. வெயிலுக்கு பில் கிடையாது.

அங்க இருந்த பெரியவர்கிட்ட, "மழைக்காலத்துல என்னங்கய்யா பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "வானத்தப் பாத்துத்தான் தம்பி"ன்னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. மழை பெய்ஞ்சா அவருக்கு அன்னிக்குக் கூலி தள்ளிப்போகும். எனக்கு டிரையர் இருக்கு. அவர் சிக்கனத்தை நான் மெச்சிக்கிட்டு நிக்கிறது சுலபம், அவருக்கு வேற வழி இல்லாததும் ஒரு காரணம்.

அப்போ எங்க பாட்டி வீடு ஞாபகம் வந்துச்சு. துணி வெளுத்துக் கொடுக்கிறவங்க கொல்லைப்பக்கம்தான் வரணும். சாயங்காலம் அவங்க பாத்திரத்துல மீந்த சோறு விழும். அவங்க வெளுத்த வேட்டி மட்டும் நேரா பூஜையறைக்குப் போகும்! கொல்லைப்பக்கத்தை ஊர்லயே விட்டுட்டு வந்தோம்னு நினைச்சேன். இல்லை, விமானத்துல கூடவே வந்திருக்கு. வெட்கம்ங்கற பேர்ல டிரையருக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கு.

"அசோசியேஷன் விடாது சார்"ங்கறவங்களுக்கு: புளோரிடாவில் கொடி கட்டறதை அசோசியேஷன் தடுக்க முடியாதுன்னு 1980-லேர்ந்தே மாநிலச் சட்டம் இருக்கு. சொந்த மனையில கட்டணும், அடுக்குமாடிப் பால்கனிக் கம்பி கணக்குல வராது. கனடாவில் ஒன்டாரியோ அரசும் தனி வீடுகளுக்கு இருந்த இந்தத் தடையை 2008-ல எடுத்துடுச்சு. சிங்கப்பூர்ல அடுக்குமாடி ஜன்னலுக்கு ஜன்னல் மூங்கில் கழியில துணி ஆடுது, அந்த ஊருக்கு என்ன மரியாதை குறைஞ்சு போச்சு?

மகரந்த அலர்ஜி இருக்கா, பனி கொட்டற ஊரா, ரெண்டு பேரும் வேலைக்குப் போய் நேரமே இல்லையா, தாராளமா டிரையர் போடுங்க. அது காரணம். "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க"ங்கறது காரணமே இல்லை. எங்க வீட்லயும் கோடையில மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள துணியை எடுத்துடணும், இல்லைன்னா மழை பிடிச்சுக்கும். மறந்த நாள்ல டிரையர்தான். :-)

இன்னொண்ணு. ஊருக்குப் போகும்போது இஸ்திரி போடறவர்கிட்ட ஒரு உருப்படிக்கு ரெண்டு ரூபாய் குறைச்சுக் கொடுத்துட்டு வர்றதுக்குப் பேரு சிக்கனம் இல்லை. நம்ம செலவைக் குறைச்சா சிக்கனம். அடுத்தவன் கூலியைக் குறைச்சா அதுக்கு வேற பேர்.

இப்போ எங்க வீட்ல கொடி போர்ட் கொச்சி முறுக்குக் கயிறுதான். மகள் முனை செருகப் பழகிட்டா. அவ சிநேகிதி வந்து "இது எப்படி விழாம நிக்குது?"ன்னு கேட்டப்போ, "எங்க ஊர்க்காரங்க கண்டுபிடிச்சது"ன்னு சொன்னா. எங்க பாட்டி வீட்டுல "எங்க ஊர்க்காரங்க" கணக்குல அவங்களைச் சேர்த்ததே இல்லை.

117 டாலர் போகட்டும் விடுங்க. அந்த ஒரு வார்த்தைக்கே கயிறு வாங்கின காசு வந்துடுச்சு.