தாடையும் தலைமுறையும்



கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே நிற்கின்றன என்று பிள்ளைக்குக் கம்பி கட்டுகிறோம். பல் வரிசையும் சீராகிறது. ஆனால் மீசை அரும்பும் வயதில் தாடை மறுபடியும் முன்னே வந்துவிடுகிறது. உடனே மருத்துவரை நோகிறோம், "கம்பியை ஒழுங்காகப் போட்டாயா?" என்று பிள்ளையை ஏசுகிறோம். இருவர் மீதும் குற்றம் இல்லாதிருக்கலாம்.

கம்பி பற்களை நகர்த்தும். தாடை எலும்பின் வளர்ச்சியிலோ பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குலத்தாரின் ஓவியங்களில் நீண்ட கீழ்த்தாடை தலைமுறைதோறும் தொடர்வதைக் காணலாம். அக்குலத்தில் நெருங்கிய உறவுத் திருமணங்கள் மிகுதி. அவ்வுறவின் நெருக்கத்திற்கும் தாடை நீட்சிக்கும் தொடர்பிருப்பதை 2019இல் வெளியான ஆய்வொன்று சுட்டியது. வளர்ச்சி ஹார்மோனை ஏற்கும் புரதத்திற்குரிய மரபணுவின் சிறு வேறுபாடுகள், கீழ்த்தாடையின் உயரத்தோடு தொடர்புடையவை என ஜப்பானிய ஆய்வுகள் கண்டன. ஒரே சிகிச்சை இரு பிள்ளைகளிடம் இருவேறு பலன் தருவதற்கு இத்தகைய வேறுபாடுகளும் காரணமாகலாம்.

மேல்தாடை பின்தங்கியிருப்பின், அதை முன்னிழுக்கும் கருவி ஏறத்தாழ 10 வயதுக்குள் நன்கு பயன்படும். கீழ்த்தாடையோ பருவ வயதில் விரைந்து வளரும். ஆண்பிள்ளைகளுக்கு 18 வயதுக்குப் பின்னரும் சற்று வளரக்கூடும். ஆகவேதான் தாடை அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோரை, வளர்ச்சி நிற்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்.

ஆதலால், பிள்ளைக்கு 7 வயதாகும்போதே பல் சீரமைப்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். வாப்பா, உம்மா, பாட்டனார் ஆகியோரின் தாடை அமைப்பையும் மறவாமல் சொல்லுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையை ஏசுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தத் தாடை நாம் கொடுத்ததுதானே!